வளையத்துக்குள் விண்மீன் விழுந்ததா? கைவினை வழியே விண்மீன் கூட்டங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

விண்மீன் கூட்டங்களைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரக் கைவினை யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. கறுப்புத் தாளில் ஒட்டும் நட்சத்திரங்கள், துளையிட்ட டப்பா, நூல் கோத்த அட்டை, சுழலும் சக்கரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எல்லாமே அழகாக இருக்கும், குழந்தைகளும் ஆசையாகச் செய்வார்கள். ஆனால் செய்து முடித்த குழந்தை வெளியே போய் அண்ணாந்து பார்த்து அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடிக்கிறதா? இந்த ஆய்வு அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

குழு சிறியது. 8 முதல் 11 வயது வரையிலான குழந்தைகள். வேடன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியன் என்ற விண்மீன் கூட்டம் மாலை வானில் தெரியும் பருவத்தில், ஒரே விண்மீன் கூட்டத்தை வெவ்வேறு கைவேலைகள் வழியே அவர்கள் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் வானம் தெளிந்திருந்த மாலையில் வெளியே அழைத்துப்போய் என்ன நடக்கிறது என்று கவனித்தோம். இரண்டு சோதனைகளை முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். ஒன்று, கையில் தாள் எதுவும் இல்லாமல் ஓரியனின் ஏழு முக்கிய விண்மீன்களையும் விரலால் காட்ட வேண்டும். இன்னொன்று, "இந்த ஏழும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன" என்று நாங்கள் சொன்னால், அது ஏன் தவறு என்று தன் சொந்த வார்த்தையில் விளக்க வேண்டும்.

ஓரியனைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அதன் ஏழு முக்கிய விண்மீன்களில் மிக மங்கலான மின்டாகாவின் பொலிவெண்ணே (பிரகாசத்தைக் குறிக்கும் எண், கூடக் கூட விண்மீன் மங்கல்) ஏறத்தாழ 2.2தான். அதனால் விளக்கு வெளிச்சம் நிறைந்த நகரத்திலும் ஏழும் தெரியும். வானின் நடுக்கோடு, அதாவது பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் வரும் கோடு, அந்த மின்டாகாவை ஒட்டியே போகிறது. ஆகவே பூமியில் மனிதர் வாழும் எந்த இடத்திலிருந்தும் ஓரியனைப் பார்க்கலாம். பீட்டல்ஜூஸ் என்கிற திருவாதிரை செம்மஞ்சள், ரைகல் நீலவெள்ளை. நிறம் கண்டுபிடிக்கத் தெரியாத குழந்தைக்குக்கூட இந்த இரண்டும் வேறுவேறு என்று புரிந்துவிடும்.

தொடங்கும்போது இருந்த நிலை

எதையும் சொல்லிக்கொடுக்கும் முன், "இரவு வானத்தை வரையுங்கள்" என்று தாள் கொடுத்தோம். ஐந்து முனை நட்சத்திரங்கள், எல்லாம் ஒரே அளவு. ஒரு ஓரத்தில் தாளின் கால்வாசியை அடைத்துக்கொண்டு நிலா. விண்மீன் கூட்டம் தெரிந்த குழந்தைகள் அதைப் பெருவிரல் அளவுக்குச் சின்னதாக, கோடுகளோடு வரைந்தார்கள். புத்தகத்தில் பார்த்ததை அப்படியே விசுவாசமாக வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குறை சொல்ல வேண்டியது அந்தப் புத்தகப் படங்களைத்தான்.

முதல் கைவேலையாக, எல்லாரும் வழக்கமாகச் செய்கிற அந்த ஒட்டு வேலையையே வேண்டுமென்று வைத்தோம். மற்றவற்றை ஒப்பிட ஓர் அடித்தளம் வேண்டுமல்லவா? கறுப்பு அட்டை, ஒட்டும் நட்சத்திரங்கள், இடையே வெள்ளைப் பென்சிலில் கோடுகள். பெயர்களையும் அருமையாகக் கற்றுக்கொண்டார்கள்: தோளில் திருவாதிரையும் பெல்லாட்ரிக்ஸும், இடுப்பு வாரில் மின்டாகா, அல்நிலம், அல்நிடாக், காலில் ரைகலும் சைஃபும்.

வெளியே போனதும் கதை மாறியது. ஓரியன் எதிரிலேயே இருந்தது. பெரும்பாலான குழந்தைகள் அதைத் தாண்டி உள்ளங்கை அளவுள்ள ஏதோ ஒரு சின்னக் கொத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சிலர் கார்த்திகை மீன்களைக் காட்டி "இதுதானே?" என்றார்கள். தேடிய அளவுக்கு அதுதான் பொருந்தியது என்பதால் அது நியாயமான ஊகம்தான். "கோடு எங்கே?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

இந்த வேலையில் எந்த இடத்திலும் குழந்தை தவறாகப் போக வழியில்லை என்பதை அப்போது கவனித்தோம். ஒட்டுநட்சத்திரம் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தாலும் அட்டை அழகாகத்தான் இருக்கும், யாருக்கும் தெரியாது. இதன் பிறகு வந்த எல்லாக் கைவேலைகளையும் அந்த ஒரு அளவுகோலால்தான் மதிப்பிட்டோம்: இது தவறாகப் போக முடியுமா, போனால் குழந்தை தானே கண்டுபிடிக்க முடியுமா?

துளை டப்பாவும் திரும்பிக்கொண்ட வேடனும்

அடுத்தது டப்பா. உருளை டப்பாவின் அடிப்பக்க அட்டையில் ஓரியன் படத்தை வெளிப்புறமாக ஒட்டி, புள்ளிகளில் ஊசியால் குத்தி, உள்ளே விளக்கை வைத்து இருட்டறையில் சுவரில் அடிப்பது. எல்லாருக்கும் தெரிந்த வேலைதான்.

முதலில் வந்த சிக்கல் விளக்கில். பல எல்.இ.டி.கள் கொத்தாக உள்ள டார்ச் வைத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டிக் கொத்தே சுவரில் விழுந்தது. ஒவ்வொரு துளையும் ஒரு ஊசித்துளைக் கேமரா. எதிரே இருக்கும் விளக்கின் உருவத்தைத்தான் அது சுவரில் வரையும். ஒற்றைப் புள்ளியாக ஒளிரும் விளக்கு வேண்டும். செல்பேசியின் ஃபிளாஷ் இதற்குக் கச்சிதம்.

இரண்டாவது சிக்கல் சுவாரசியமானது. முதல் அட்டையில் ஓரியன் நிமிர்ந்து நிற்கும்போது திருவாதிரை இடது மேல்பக்கம், ரைகல் வலது கீழ்ப்பக்கம். சுவரிலோ திருவாதிரை வலது மேல்பக்கம் வந்து நின்றது. "டப்பாவைத் திருப்பினால் சரியாகிவிடும்" என்று ஒரு பையன் திருப்பினான். தலைகீழாக நின்றது. இன்னும் திருப்பினான், படுத்துக்கொண்டது. எவ்வளவு சுழற்றியும் அட்டையோடு ஒத்துப்போகவே இல்லை. படத்தை வெளியிலிருந்து பார்த்துக் குத்தினோம், ஒளி உள்ளேயிருந்து போகிறது, அதனால் இடவலம் மாறிவிட்டது என்று சற்று நேரத்தில் பிடித்துவிட்டார்கள். சுழற்றுவது வேறு, கண்ணாடியில் திரும்புவது வேறு என்பதை வகுப்பறையில் புரியவைக்கப் படாத பாடு பட வேண்டும். இங்கே அது தானாக வந்தது. தீர்வு எளிது: படத்தைப் பின்புறமாகத் திருப்பி ஒட்டிவிட்டுக் குத்த வேண்டும். ஆனால் இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் இந்த வேலையின் பாதிப் பயன் போய்விடும்.

துளையின் அளவிலும் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பொலிவெண்ணில் 5 வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு வித்தியாசம். எண் குறையக் குறைய ஒளி கூடும். துளை வழியே போகும் ஒளி அதன் பரப்பைப் பொறுத்தது. அப்படியானால் பொலிவெண் 1 குறைந்தால் துளையின் விட்டம் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆக வேண்டும். மின்டாகாவுக்கு 1 மி.மீ. துளை வைத்தால், 1.6 பொலிவெண் உள்ள பெல்லாட்ரிக்ஸுக்கு 1.3 மி.மீ., 0.1 உள்ள ரைகலுக்கு 2.6 மி.மீ. பெரிய குழந்தைகள் ஊசி, குண்டூசி, ஆணி என்று வரிசைப்படுத்திக்கொண்டார்கள். சிறியவர்களுக்குக் கணக்கு வேண்டாம், "பிரகாசமானதுக்குப் பெரிய ஓட்டை" போதும்.

திருவாதிரைக்கு எவ்வளவு? அது மாறும் விண்மீன். வழக்கமாக 0.5-ஐ ஒட்டி இருப்பதால் 2.2 மி.மீ. வைக்கலாம். 2020 பிப்ரவரியில் அது 1.6 வரைக்கும் மங்கிப்போய், பிறகு மீண்டு வந்தது. அந்த மாதத்தில் செய்திருந்தால் பெல்லாட்ரிக்ஸின் ஊசியையே இதற்கும் எடுத்திருக்க வேண்டும். இந்தத் தகவல் குழந்தைகளை நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டது. அப்புறம் வெளியே போகும்போதெல்லாம் இரண்டு தோள்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கமே வந்துவிட்டது.

ஆனாலும் டப்பாவின் ஓரியன் சுவரில் விழுவது. சுவரை நெருங்கினால் சிறுக்கும், விலகினால் பெருக்கும். வானத்தில் அது எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. வெளியே போனபோது முன்பைவிடச் சிலர் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள், நிறத்தையும் வார் மூன்றையும் வைத்து. அளவு இன்னும் பிடிபடவில்லை.

வளையத் தாள்

இந்த ஆய்வில் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது ஒரு பிளாஸ்டிக் தாளும் 57 செ.மீ. நூலும்தான்.

தரையில் தொடங்கினோம். 57 செ.மீ. நூலின் ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் சாக்பீஸ் கட்டி ஒரு வட்டம் போடச் சொன்னோம். வட்டத்தின் மேலேயே அளவுநாடாவை வளைத்து வைத்துச் சுற்றளவைப் பார்த்தால் 360 செ.மீ.யை ஒட்டி வரும். வட்டத்துக்கு 360 பாகை. ஆக, கண்ணிலிருந்து 57 செ.மீ. தள்ளிப் பிடித்த எந்தப் பொருளிலும் ஒரு செ.மீ. என்பது வானத்தில் ஒரு பாகை. இவ்வளவுதான் கோட்பாடு. 9 வயதுக் குழந்தைக்கு இது புரிகிறது. கோணம் என்ற பாடம் பள்ளியில் இன்னும் வராத குழந்தைகளும் "சுற்றி வந்தால் 360, அதில் ஒன்று" என்று ஏற்றுக்கொண்டார்கள்.

முதலில் நிலாவைச் சோதித்தோம். அட்டையில் காகிதப் பஞ்ச் கொண்டு ஒரு துளை, ஏறத்தாழ 6 மி.மீ. அதை 57 செ.மீ. தள்ளிப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தால் முழு நிலா அந்தத் துளைக்குள் அடங்கிவிடும், ஓரத்தில் கொஞ்சம் இடம்கூட மிஞ்சும். நிலாவின் அகலம் அரைப் பாகைதான். தாளின் கால்வாசியை நிலாவுக்குக் கொடுத்திருந்தவர்கள் நம்ப மறுத்து, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு மறுபடி மறுபடி பார்த்தார்கள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அப்புறம் ஓரியன். ஒளி ஊடுருவும் ஏ4 பிளாஸ்டிக் தாளில், திருவாதிரைக்கும் ரைகலுக்கும் இடையே 18.7 செ.மீ. வரும்படி படத்தைப் பெரிதாக்கி வரைந்துகொண்டோம். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இன்னும் இரண்டு அளவுகள்: தோளுக்குத் தோள் 7.5 செ.மீ., வாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை 2.7 செ.மீ. புள்ளி வைக்கக் கூடாது, வளையம் போட வேண்டும். புள்ளி வைத்தால் அது விண்மீனையே மறைத்துவிடும். வளையத்தை ஒயிட்னர் பேனாவால் போட்டோம். தாளின் கீழ் விளிம்பில் ஒரு துளையிட்டு 57 செ.மீ. நூல் கட்டி, அதன் மறுமுனையை முடிச்சுப் போட்டுக் கன்னத்தில், திறந்திருக்கும் கண்ணுக்குக் கீழே வைத்துப் பிடிக்க வேண்டும்.

ஒரு கண்ணை மூடித்தான் ஆக வேண்டும். இரண்டு கண்ணாலும் பார்த்தால், தொலைவில் உள்ள விண்மீன் ஒன்றாகவும் கிட்டத்தில் உள்ள வளையம் இரண்டாகவும் தெரிந்து எல்லாம் குழம்பும். ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாத குழந்தைகள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு அட்டையில் கண்மூடி வெட்டி நூலால் கட்டிவிட்டோம். கடற்கொள்ளைக்காரர் மாதிரி இருக்கிறது என்று மற்றவர்களும் கேட்டு வாங்கிக்கொண்டது தனிக்கதை. கை நீளமும் பார்க்க வேண்டியிருந்தது. சிறிய குழந்தைகளின் கை 57 செ.மீ.க்கு எட்டாது. ஒருவர் தாளைப் பிடிக்க இன்னொருவர் பார்க்கலாம், அல்லது தாளை ஒரு குச்சியில் பொருத்திக்கொள்ளலாம். வெளியே விளக்குக்குச் சிவப்பு செலஃபன் தாள் சுற்றியிருந்தோம். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும்.

வார் மூன்றையும் முதலில் வளையத்துக்குள் விழச் செய்துவிட்டுத் தாளை மெதுவாகச் சுழற்றச் சொன்னோம். சுழற்றிக்கொண்டே வரும்போது ஒரு நிலையில் நான்கு மூலைகளும் ஒரேயடியாக வந்து வளையங்களுக்குள் உட்காரும். முதலில் பார்த்த குழந்தை "அவ்வளவு பெருசா!" என்று தாளைக் கீழே இறக்கிவிட்டது. அதற்குப் பிறகு தாள் இல்லாமலேயே ஓரியன் தெரிந்தது. அதுவரை தேடிக்கொண்டிருந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வடிவம். இப்போது, நீட்டிய கையில் மடக்கிய முஷ்டி ஏறத்தாழ 10 பாகை என்றால், ஓரியன் கிட்டத்தட்ட இரண்டு முஷ்டி உயரம். குழந்தையின் கை குட்டை, முஷ்டியும் சிறியது. அதனால் அந்த விகிதம் பெரியவருக்கு ஒத்துவருவது போலவே குழந்தைக்கும் ஒத்துவருகிறது.

தாளைச் சுழற்ற வேண்டியிருந்ததே, அது இலவசமாகக் கிடைத்த பாடம். உதிக்கும்போது ஓரியன் ஒருக்களித்துப் படுத்திருக்கும். வடகோளத்தில் இருப்பவர்களுக்குத் தெற்கே உச்சம் வரும்போது நிமிரும், மறையும்போது மறுபக்கம் சாயும். தென்கோளத்தில் பார்த்தால் புத்தகப் படம் தலைகீழாகத்தான் நிற்கும். தாளின் மேல்முனையிலிருந்து ஒரு சிறு எடை கட்டிய நூலைத் தொங்கவிட்டு, அது விழும் கோட்டைத் தாளில் குறித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குறித்தால் கோடு வேறு இடத்தில் விழுந்தது. வானம் ஒரு மணிக்கு 15 பாகை நகர்கிறது என்று அதற்கு முன்பு யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

தாளில் வளையம் இல்லாத இடங்களிலும் விண்மீன் தெரிந்தது என்று சிலர் புகார் சொன்னார்கள். வாருக்குக் கீழே மங்கலாக ஏதோ தொங்குகிறது, நாம் போட மறந்துவிட்டோம் என்றார்கள். அது வேடனின் வாள். அதன் நடுவில் இருப்பது ஓரியன் நெபுலா என்ற வாயு, தூசி மேகம். அவர்களே வளையம் சேர்த்தார்கள். வாரை இரு பக்கமும் நீட்டிப் பார்த்து, ஒரு பக்கம் ஏறத்தாழ 23 பாகை தள்ளி சிரியஸும், மறுபக்கம் அதே அளவு தள்ளி ரோகிணியும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குத் தாள் போதாமல், முடிச்சுப் போட்ட நூலால் அளந்தார்கள்.

மேகம் மூடிய மாலைகளில் சும்மா இருக்கவில்லை. அறையின் சுவரில் காகித வட்டங்களை ஒட்டி, 3 மீட்டர் தள்ளி நின்று அதே தாளில் பொருந்தும்படி ஓரியன் அமைக்கச் சொன்னோம். திருவாதிரையிலிருந்து ரைகல் வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வந்தது. 6 மீட்டர் தள்ளி நின்றால் இரண்டு மீட்டர் வேண்டும். "இன்னும் தள்ளிப் போனால்?" என்று கேள்வி தானாக எழுந்தது. அடுத்த கைவேலைக்கு அதைவிட நல்ல முன்னுரை நான் எழுதியிருக்க முடியாது.

நூலும் மணியும்

இதற்கு ஓரியனை விட்டுவிட்டு, அகப்பை வடிவில் ஏழு விண்மீன்கள் உள்ள சப்தரிஷி மண்டலத்துக்குப் போனோம். ஓரியனின் விண்மீன்கள் மிகத் தொலைவானவை. அவற்றில் பலவற்றின் தூரம் அளவீட்டுக்கு அளவீடு கணிசமாக மாறுகிறது. சப்தரிஷி நமக்குக் கிட்டத்தில் இருப்பதால் தூரங்கள் நன்றாகத் தெரிந்தவை.

செய்முறை இது. நீளமான அட்டைப் பெட்டி. ஒரு முனையில் கண்வைக்கும் ஒரு சின்னத் துளை. அங்கிருந்து 70 செ.மீ. தள்ளி எதிர்ச்சுவரில் சப்தரிஷி மண்டலத்தின் படம், ஒரு முனை விண்மீனான கிரதுவிலிருந்து மறுமுனையில் உள்ள மரீசி வரை 32 செ.மீ. வரும்படி. இந்த அளவில் வரைந்தால் துளை வழியே பார்ப்பவருக்கு அது வானத்தில் தெரியும் அதே 26 பாகை அகலத்தில் தெரியும். கண்துளையின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு விண்மீன் புள்ளிக்கும் ஒரு கறுப்பு நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு நூலிலும் ஒரு வெள்ளை மணி. 2 ஒளியாண்டுக்கு (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம் ஒரு ஒளியாண்டு) 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டு மணிகளை நகர்த்தி ஒட்ட வேண்டும். புலகர், புலத்தியர், அத்திரி, ஆங்கிரசர், வசிஷ்டர் ஐவரும் 80 முதல் 83 ஒளியாண்டு தூரம், ஆகவே 40 முதல் 42 செ.மீ. மரீசி 104 ஒளியாண்டு, 52 செ.மீ. கிரது 123 ஒளியாண்டு, 61 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல்.

நூல் கண்ணிலிருந்து நேராகப் போவதால் மணியை எங்கே நகர்த்தினாலும் துளை வழியே பார்க்கும்போது வடிவம் மாறாது. குழந்தைகள் இதைத்தான் முதலில் சோதித்தார்கள், ஒட்டுவதற்கு முன்பே. மணியை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். அப்புறம் பெட்டியின் பக்கவாட்டு அட்டையை எடுத்துவிட்டு அங்கிருந்து பார்த்தால் அகப்பை காணாமல் போய்விட்டது. ஐந்து மணிகள் ஒரே வரிசையில், இரண்டு மட்டும் தனித்தனியே பின்னால்.

"ஏன் அந்த அஞ்சும் ஒண்ணா இருக்கு?" இந்தக் கேள்வி வராத குழு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே அந்த ஐந்தும் உறவுக்காரர்கள். ஒரே திசையில் ஒரே வேகத்தில் சேர்ந்து நகர்கிறார்கள். ரிச்சர்ட் புரோக்டர் என்ற வானியலாளர் 1869-இல் இதைக் கவனித்தார். மரீசியும் கிரதுவும் தங்கள் வழியில் போவதால், ஒரு லட்சம் ஆண்டு கழித்து இந்த அகப்பை இதே வடிவத்தில் இருக்காது. ஐந்து நூலை ஒரு பக்கமாகவும் இரண்டை வேறு பக்கமாகவும் நகர்த்திப் பார்த்துத் தங்கள் எதிர்கால சப்தரிஷியை வரைந்தார்கள்.

இன்னொரு விஷயம் பெட்டியிலிருந்தே வந்தது, நாங்கள் திட்டமிடாதது. அத்திரி மற்ற ஆறைவிட மங்கல். அதற்குக் காரணம் தூரம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மணியைப் பார்த்தால் அது புலகரோடும் புலத்தியரோடும் சம தூரத்தில் இருக்கிறது! ஆக அது நிஜமாகவே ஒளி குறைந்தது. கிரதுவோ அவர்களைவிட ஒன்றரை மடங்கு தள்ளி இருந்தும் அவர்களைவிடப் பிரகாசமாகத் தெரிகிறது. "அப்ப பக்கத்துல வந்தா?" என்று ஒரு பெண் கேட்டு, தானே மணியை முன்னால் நகர்த்தினாள்.

சப்தரிஷியில் ஐந்து உண்மையிலேயே சேர்ந்திருப்பதால், எல்லா விண்மீன் கூட்டமும் பாதி உண்மை என்று குழந்தைகள் முடிவுகட்டிவிடலாம். அதற்கு மாற்றாகக் காசியோப்பியா என்ற இன்னொரு விண்மீன் கூட்டத்தையும் ஒரு சிறு பெட்டியில் செய்ய வைத்தோம், 10 ஒளியாண்டுக்கு 1 செ.மீ. என்ற அளவில். அதில் கிட்டத்தில் உள்ள காஃப் என்ற விண்மீன் 55 ஒளியாண்டு, நடுவில் உள்ள காமா என்ற விண்மீன் ஏறத்தாழ 550. ஒரு மணி கண்ணை இடிக்கும் தூரத்தில், இன்னொன்று பெட்டியின் கடைசியில். அங்கே உறவு எதுவும் இல்லை.

சக்கரம்

நட்சத்திரச் சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. நாளையும் மணியையும் பொருத்தினால் அப்போது தெரியும் வானத்தைக் காட்டும் அருமையான கருவி அது. ஆனால் கைவினைத் திட்டங்களில் அதை மிகச் சீக்கிரம் கொண்டுவருகிறார்கள். அது கிழக்கையும் மேற்கையும் நிலவரைபடத்துக்கு நேர்மாறாக வைத்திருக்கும், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால்தான் சரியாகும். வானத்தைக் காட்டும் அதன் சாளரத்தின் வடிவம் அட்சரேகைக்கு ஏற்ப மாறும். வேறெங்கோ இருப்பவருக்காக வரைந்த அச்சை எடுத்து ஒட்டினால் பாதி விண்மீன் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்குத் தென்வானம் மிகவும் இழுபட்டு, வடிவங்களே அடையாளம் தெரியாமல் போகும். எங்கள் குழுவில் 10 வயதைத் தாண்டியவர்களுக்கே அது பயன்பட்டது. ஒரு விண்மீன் தினமும் ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது, ஒரு மாதத்தில் 2 மணி நேரம் ஆகிவிடுகிறது என்பதைச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சிறியவர்களுக்கு அது விசிறியாக உதவியது.

தாங்களே வரைந்த கூட்டங்கள்

கோடும் பெயரும் இல்லாத புள்ளி வரைபடத்தைக் கொடுத்து, "உங்களுக்கு என்ன தெரிகிறதோ வரையுங்கள்" என்றோம். ஓரியன் இருக்கும் இடத்தில் பட்டாம்பூச்சி, மணற்கடிகாரம், இரட்டைக் கூம்பு எல்லாம் வந்தன. இது விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். கோடு வானத்தில் இல்லை, நாம் போடுவது என்பது வேறு எந்த வேலையையும்விட இதில்தான் உறைத்தது. "கோடு எங்கே?" என்று கேட்ட சிறுமி இப்போது தன் கோட்டை மற்றவர்களிடம் வாதாடிக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

இங்கே வரலாற்றைச் சொல்ல நல்ல இடம் கிடைக்கிறது. பண்டைய வானியலாளர் தாலமி 48 கூட்டங்களைப் பட்டியலிட்டார். 18-ஆம் நூற்றாண்டில் லகாய் என்ற பிரெஞ்சு வானியலாளர் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்தை அளந்து, தொலைநோக்கி, நுண்ணோக்கி, காற்றுப்பம்பு, கடிகாரம் என்று கருவிகளின் பெயரில் புதிய கூட்டங்களை உருவாக்கினார். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1922-இல் 88 கூட்டங்கள் என்று வரையறுத்தது. யூஜின் டெல்போர்ட் வகுத்த எல்லைக்கோடுகள் 1930-இல் வெளிவந்தன. வானத்தில் காற்றுப்பம்பு இருக்கிறது என்பதில் குழந்தைகளுக்குத் தனி ஆனந்தம். அவர்களில் பலருக்கு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஈமு பறவை இன்னும் பிடித்தது. அது பால்வழியின் இருண்ட பகுதிகளால் ஆனது, அதன் தலை தென்சிலுவைக்குப் பக்கத்தில் உள்ள கரிமூட்டை என்ற இருள்மேகம். வெள்ளைத் தாளில் கறுப்பை வெட்டி ஒட்டி ஈமு செய்தார்கள்.

கிடைத்தது என்ன

கடைசியில் தாள் இல்லாமல் வெளியே போய்ச் சோதித்தோம். வளையத் தாளை வானத்தில் வைத்துப் பார்த்த குழந்தைகள் அநேகமாக எல்லாருமே ஓரியனை உடனே காட்டினார்கள். அது அப்போது சாய்ந்திருந்தும் தடுமாறவில்லை. அந்த மாலைகளில் வராதவர்கள், ஏழு பெயரையும் ஒப்பிக்கத் தெரிந்தும், இன்னும் சின்னக் கொத்தைத் தேடினார்கள். "எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தானே" என்ற கேள்விக்கு, மணிப்பெட்டி செய்தவர்கள் கையை வைத்துப் பக்கவாட்டிலிருந்து எப்படித் தெரியும் என்று காட்டினார்கள். தூரப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தவர்கள் எண்களைச் சொன்னார்கள், சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

இதை வைத்துப் பெரிய முடிவு கட்ட முடியாது. குழு சிறியது, ஒப்பிட வேறு குழு இல்லை. வளையத் தாள் வேலையில் வெளியே நின்ற நேரமும் மற்றவற்றைவிட அதிகம். பலன் தாளினாலா, வானத்தின் கீழே கழித்த நேரத்தினாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. என் கணிப்பில் தாள்தான் அந்த நேரத்தைக் கொடுத்தது. கையில் சரிபார்க்க ஒன்று இருந்ததால்தான் குளிரிலும் நின்றார்கள்.

ஒட்டும் நட்சத்திரங்களைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பெயர் கற்க அது போதும், அரை மணி நேரத்துக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் சரி. ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால் வளையத் தாளை மட்டும் செய்யுங்கள். இரண்டு கிடைத்தால் மணிப்பெட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒயிட்னர் வளையங்கள் சீக்கிரம் உதிர்ந்துவிடுகின்றன, நிலையான வெள்ளை மார்க்கர் நின்று பிடிக்கிறது.

ஓரியன் மாலை வானை விட்டுப் போன பிறகு அதே தாள் முறைக்கு விருச்சிகத்தை எடுத்திருக்கிறோம். தலையிலிருந்து கொடுக்கு வரை ஏறத்தாழ 25 செ.மீ. வருவதால் ஏ4 தாளில் நீளவாக்கில்தான் அடங்குகிறது. கேட்டை செம்மஞ்சள் நிறம், அதற்கும் ஒரு வளையம் போட்டாயிற்று. அதன் வால் பல இடங்களில் தொடுவானத்துக்கு அருகே தாழ்வாகப் போகும். கட்டடமோ மரமோ மறைக்காத தெற்குப் பக்கம் ஒன்றை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.